மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும்: தமிழிசையில் 'பகை' குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

இணை, கிளை, நட்பு, பகை என்று நரம்புகளின் (சுரங்களின்) உறவை நான்காகப் பகுப்பது தமிழிசை மரபு. சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளுக்கு அரும்பதவுரைகாரரும் அடியார்க்குநல்லாரும் தரும் விளக்கங்களில் இப்பகுப்பைக் காண்கிறோம். இவற்றுள் முதல் மூன்றைப் பற்றித் தமிழிசை ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பகையை மட்டும் 'ஒத்திசையாத நரம்பு' என்று ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். சிலர் இன்னும் ஒரு படி சென்று, வடமொழி நூல்கள் கூறும் 'விவாதி'யும் இதுவும் ஒன்றே என்று முடிக்கிறார்கள்.

இந்த முடிவு அவசரமானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பகை என்று உரைகள் குறிப்பவை மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும். உரைமரபிலேயே இன்னோரிடத்தில் இதே இரண்டும் கிளையின் பட்டியலிலும் இடம்பெறுகின்றன. ஒரே நரம்பு எப்படிக் கிளையாகவும் பகையாகவும் இருக்கும்? இந்த முரண்பாட்டைப் பின்தொடர்ந்து போனால், நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு ஸ்தாயியில் உள்ள அலகுகள் (சுருதிகள்) 22-ஆ, 24-ஆ என்ற வழக்கின் நடுவே சென்று நிற்போம். அந்த வழக்கைத் தமிழில் பெரிய அளவில் தொடுத்தவர் திண்டுக்கல்லில் பிடில் பழகிய ஒரு பயிற்சி ஆசிரியர். ஆகவே அவரிடமிருந்து தொடங்குவது பொருத்தம்.

2. திண்டுக்கல்லில் பயின்றவர்

ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். 1870-களின் பிற்பகுதியில் ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் வந்தார். பயிற்சி முடித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். 1835 முதல் அமெரிக்க மதுரை மிஷன் அங்கு இயங்கிவந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்கான ரயில் பாதை 1875-இல் இந்த ஊர் வழியாகத் திறக்கப்பட்டது. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கீர்த்தனையும் தேவாலயப் பாட்டும் ஒரே காதில் விழக்கூடிய காலம் அது. பண்டிதர் அங்கே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். சுருளிமலையில் கருணானந்த முனிவரைச் சந்தித்துச் சித்த மருத்துவம் பயின்றதும் இக்காலத்தை ஒட்டியே.

1882-இல் திருமணத்துக்குப் பின் தஞ்சாவூரில் குடியேறினார். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசை ஆய்வில் செலவிட்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தஞ்சையில் தொடர்ந்து மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த முதல் அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை முன்வைத்தார். அவருடைய பெண்கள் பாடியும் வீணை வாசித்தும் அதை நிறுவிக் காட்டினர். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' முதற்புத்தகம் வெளியாயிற்று. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூல் ஏறக்குறைய முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியது: ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? பண்டிதர் 1919-இல் காலமானார். இரண்டாம் புத்தகம் 1946-இல், அவருடைய மகளின் முயற்சியால் வெளிவந்தது.

திண்டுக்கல்லில் கற்ற கருவி எது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பிடிலுக்கு மெட்டு கிடையாது. சுரத்தின் இடத்தை விரலும் காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் முறையில் அதன் தந்திகளை ஷட்ஜ பஞ்சமமாகச் சேர்ப்பார்கள். ஐந்தாம் சுரத்தின் பொருத்தம் பிடில்காரனுக்கு அன்றாடப் பழக்கம். பிற்காலத்தில் பண்டிதர் எழுப்பிய கணக்கு முழுவதும் இந்த ஷட்ஜ பஞ்சமப் பொருத்தத்தின் மேல் எழுந்ததே.

3. உரைகள் சொல்வது

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழு நரம்புகள். இன்றைய வழக்கில் முறையே ச, ரி, க, ம, ப, த, நி. நின்ற நரம்பை ஒன்றாக எண்ணினால் ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. இது உரைமரபில் பரவலாக ஏற்கப்பட்ட பொருள். இணை எது என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. நம் கேள்விக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது.

கிளையை விளக்கும் பழைய சூத்திரம் ஒன்று ஐந்து நரம்புகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. இது மனம்போன வரிசையன்று. குரலுக்கு ஐந்தாவது இளி. இளிக்கு ஐந்தாவது துத்தம். துத்தத்துக்கு ஐந்தாவது விளரி. விளரிக்கு ஐந்தாவது கைக்கிளை. நரம்புகளின் பிறப்பைக் கூறும் இன்னொரு பழைய சூத்திரம் இதே சங்கிலியை இரண்டு கண்ணி முன்னிருந்து தொடங்குகிறது. தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை என்பது அதன் வரிசை. ஐந்தாம் நரம்பு வழியே ஏழையும் பெறும் முறை தமிழ் இசை நூலோர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆய்ச்சியர் குரவை இதற்கு இலக்கியச் சான்று. குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வடிகிறது என்று தீ நிமித்தங்கள் தோன்றியதும் மாதரி குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி ஏழு நரம்பின் பெயரிடுகிறாள். பிறகு குரலை மாயவன் என்றும் இளியைப் பலதேவன் என்றும் துத்தத்தை நப்பின்னை என்றும் கொள்கிறாள். வட்டத்தில் அடுத்தடுத்து நிற்கும் பெண்களாக அவள் தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்தாம் நரம்புச் சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகளே கண்ணனும் தமையனும் காதலியுமாகிறார்கள். ஊரின் ஒழுங்கு குலைந்ததற்கு மாற்றாக, இசையின் உறவுமுறை அங்கே ஆடிக் காட்டப்படுகிறது. மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் அடைக்கலம் புகுந்த ஆயர்பாடியில் இது நிகழ்கிறது.  

முன்பு சொன்ன முரண்பாடு மேற்கண்ட கிளைச் சூத்திரத்தில்தான் இருக்கிறது. கிளைப் பட்டியலின் நான்காம் ஐந்தாம் உறுப்பினர் விளரியும் கைக்கிளையும். குரலிலிருந்து எண்ணினால் விளரி ஆறாம் நரம்பு. கைக்கிளை மூன்றாம் நரம்பு. அதாவது, பகை எனப்பட்ட இரண்டும் கிளைக்குள் உள்ளன.

4. மூன்று விடைகள்

இந்த முரண்பாட்டுக்கு மூன்று விதமாக விடை தேடலாம்.

முதலாவது, 'மூன்று', 'ஆறு' என்னும் எண்களை நரம்பு வரிசையில் எண்ணாமல் ஸ்தாயியைப் பகுத்த பன்னிரண்டு இராசி வீடுகளில் எண்ணுவது. நின்ற வீட்டை விட்டு ஆறு வீடு தள்ளினால் கிடைப்பது பிரதி மத்திமம். ஐந்தாம் நரம்புச் சங்கிலியில் குரலுக்கு மிகத் தொலைவில் உள்ள இடம் அதுவே. அதைப் பகை என்பது ஏற்கத்தக்கதாகத் தோன்றும். ஆனால் கிளை ஐந்து, நட்பு நான்கு என்னும் எண்கள் நரம்பு வரிசையில்தான் பொருள் தருகின்றன. வீடுகளில் எண்ணினால் இவை முறையே ஏழும் ஐந்தும் ஆகிவிடும். ஒரே சூத்திர மரபில் இரண்டு எண்களை ஒரு வகையாகவும் மற்ற இரண்டை வேறு வகையாகவும் எண்ணுவதற்குச் சான்று வேண்டும். அது இல்லாத நிலையில் இவ்விடை வலுவற்றது.

இரண்டாவது, பகையை விவாதியாகக் கொள்வது. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திர மரபில் வாதி, சம்வாதி, அனுவாதி, விவாதி என நான்கு உண்டு. இரு பகுப்பும் நான்காக இருப்பதும், பகை, விவாதி என்னும் பெயர்களின் பொருள் நெருங்குவதும் இந்தச் சமன்பாட்டுக்கு இடம் கொடுத்தன. சம்வாதி ஒன்பது அல்லது பதின்மூன்று சுருதி இடைவெளியில் அமைவது. இது நட்புக்கும் கிளைக்கும் பொருந்தும். விவாதியோ இரண்டு சுருதி இடைவெளியில், அதாவது ஒட்டி நிற்கும் சுரங்களிடையே அமைவது. மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும் அவ்வளவு நெருக்கத்தில் இல்லை. பெயரும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றன, இடைவெளி ஒத்துப்போகவில்லை. விவாதியில் நெருக்கமே பிணக்குக்குக் காரணம். பகைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கிளையும் பகையும் இரண்டு வெவ்வேறு கேள்விக்கான விடைகள் என்று கொள்வது. ஒரு நரம்பு எந்த வழியில் பிறந்தது என்பது கிளை. அது நின்ற நரம்போடு சேர்ந்து ஒலிக்கையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது பகை. பிறப்பால் உறவு, நேருக்கு நேர் நின்றால் பிணக்கு. பங்காளிச் சண்டை தெரிந்த சமூகத்துக்கு இது புதிரே அல்ல. நம் ஆய்வுக்கு இந்த மூன்றாம் விடையே ஏற்புடையது. ஆயினும் சொல்லழகை நம்பி அதை ஏற்க முடியாது. ஒலியின் கணக்கில் அதற்கு அடிப்படை உண்டா என்று பார்க்க வேண்டும்.

5. ஒலியின் கணக்கு

ஒரு தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் ஐந்தாம் சுரம் பிறக்கும். அதிர்வெண் விகிதம் 3:2. நான்காம் சுரத்துக்கு 4:3. இவ்விரண்டும் காதுக்கு எளிதில் பொருந்துபவை. 3:2 என்ற தாவலையே திரும்பத் திரும்பச் செய்து, ஸ்தாயி மீறும்போது பாதியாக்கிக்கொண்டு போனால், நான்கு தாவலில் கைக்கிளை கிடைக்கிறது. அதன் விகிதம் 81:64. ஆனால் காது இயல்பாக இனிமை காணும் மூன்றாம் சுரம் 5:4. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பகுக்கும் அலெக்சாண்டர் எல்லிஸின் அளவில் சங்கிலி தரும் கைக்கிளை சுமார் 408. இயல்பான கைக்கிளை சுமார் 386. இடைவெளி ஏறக்குறைய 22 சென்ட். விளரியிலும் இதே கதை: சங்கிலி வழி 906, இயல்பு வழி 884.

சங்கிலி வழியில் பிறந்த கைக்கிளையைக் குரலோடு சேர்த்து மீட்டினால் இரண்டின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று உரசி ஒலி விம்மும். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட ஒலியியல் நூலில் இசையாமைக்குக் கூறிய காரணம் இந்த விம்மலே. இளியும் உழையும் குரலோடு சேரும்போது இப்படி நேர்வதில்லை.

இனி உரைநூல்களின் ஒரு குறிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்று யாழிசைக்கு நான்கு குற்றங்கள் கூறப்படுகின்றன. பண்ணோடு பொருந்தாத இன்னா ஓசை செம்பகை. ஒலி அளவு மீறி எழுவது ஆர்ப்பு. ஒலி சிதறி நடுங்குவது அதிர்வு. கூடம் என்பது நரம்பின் ஒலி எழாமல் மழுங்கி உள்ளடங்குவது. கூடத்தை விளக்கும் பழைய சூத்திரம், நின்ற நரம்புக்கு ஆறாவதும் மூன்றாவதும் வந்து சேர்வதை அதன் காரணமாகக் காட்டுகிறது. பகை நரம்பின் ஓசை கலந்து தன் ஓசை மங்குகிறது என்று உரை விரிக்கிறது. யாழ் பல நரம்புகள் திறந்து நிற்கும் கருவி. ஒன்றை மீட்டினால் மற்றவையும் சற்றே நடுங்கும். இந்தச் சூழலில்தான் பகை என்னும் கருத்து பிறந்திருக்க வேண்டும் என்று கொள்ள இக்குறிப்பு இடம் தருகிறது.

குற்றத்தையும் பகையையும் மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பகை நரம்புகளிடையே எப்போதும் உள்ள ஓர் உறவுநிலை. செம்பகை முதலியவை மரத்தாலும் நரம்பாலும் கையாலும் நேரும் கேடுகள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன் முன் கொண்டுவந்த யாழ்களின் மரக்குற்றத்தைச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். அந்தக் குற்றம் நீங்கக்கூடியது. மரத்தை மாற்றலாம், நரம்பை மாற்றலாம். மூன்றாம் நரம்பின் பகையை எந்த மரத்தாலும் தீர்க்க முடியாது.

குற்றங்கள் கருவிக்குக் கருவி, காலத்துக்குக் காலம் மாறுபவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழுக்கு அதிர்வு குற்றம். தம்புராவிலோ குதிரையின் மேல் ஜீவா நூலைச் செருகி அந்த அதிர்வைத் தேடிப் பெறுகிறோம். திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் கோயில் விழாக்களில் உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் முனகல் இல்லாவிட்டால் மேளம் சோபிக்காது.

6. இருபத்திரண்டும் இருபத்துநான்கும்

தமிழ் உரைமரபு ஏழு நரம்புக்கும் அலகு கூறுகிறது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சாரங்கதேவர் 'சங்கீத ரத்னாகர'த்தில் கூறும் தொகையும் 22. பண்டிதர் காலத்தில் கே. பி. தேவலும் ஈ. கிளெமென்ட்ஸும் இந்த 22-ஐ இயல்பு விகிதங்களைக் கொண்டு விளக்கி நூல்கள் எழுதியிருந்தார்கள். பின்னாளில் விபுலாநந்த அடிகளும் 1947-இல் அரங்கேறிய 'யாழ் நூ'லில் 22 அலகையே விகிதக் கணக்கால் நிறுவ முயன்றார்.

பண்டிதர் இந்தப் பெரும் அணிக்கு எதிரே தனியாக நின்றார். ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான வீடுகளாகவும், வட்டப்பாலை என்னும் இராசி வட்டத்தில் ஒவ்வொரு வீட்டையும் இரண்டாக்கி இருபத்துநான்கு அலகாகவும் பிரிப்பதே பழந்தமிழர் முறை என்றார். அப்படியானால் உரையில் 22 ஏன் வருகிறது? விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் மரபை அது குறிக்கிறது. அந்த நுட்பம் அறியாத பிற்காலத்தவர் 22-ஐயே மொத்தத் தொகையாகக் கொண்டுவிட்டார்கள் என்பது அவர் விடை. நூலுக்குள் மறைபொருள் தேடும் வாதம் என்று இதை ஒதுக்கியோர் உண்டு. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அலகை ஒவ்வொரு நரம்புக்கும் கீழே உள்ள இடைவெளியாகக் கொள்வோம். குரலைத் தொடக்கப் புள்ளியாக, 0 என வைத்தால், துத்தம் 4-இல், கைக்கிளை 7-இல், உழை 9-இல், இளி 13-இல், விளரி 16-இல், தாரம் 18-இல் நிற்கும். மேற்குரல் 22. கிடைப்பது இன்றைய அரிகாம்போதி; இசை ஆய்வாளர் எஸ். இராமநாதன் முதலியோர் செம்பாலை என்னும் பழந்தமிழ்ப் பாலைக்குக் காட்டும் மேளமும் இதுவே. இப்போது பிறப்புச் சங்கிலியைச் சோதிக்கலாம். தாரத்திலிருந்து உழைக்கு 13 அலகு. உழையிலிருந்து குரலுக்கு 13. குரலிலிருந்து இளிக்கு 13. இளியிலிருந்து துத்தத்துக்கு 13. துத்தத்திலிருந்து விளரிக்கு 12. விளரியிலிருந்து கைக்கிளைக்கு மறுபடியும் 13. ஆறு கண்ணியில் ஒன்றே ஒன்று, விளரி பிறக்கும் இடத்தில், ஓர் அலகு அறுந்திருக்கிறது. அந்த முறிவு விளரியையும் அதன்வழிப் பிறந்த கைக்கிளையையும் சங்கிலியிலிருந்து விலக்குகிறது.

பண்டிதர் சொன்னபடி இவ்விரண்டுக்கும் ஓர் அலகு கூட்டி 4, 4, 4, 2, 4, 4, 2 என்று வைத்தால் தொகை 24. எல்லாக் கண்ணியும் 14 அலகாக ஒழுங்குபடும். நரம்புகளின் பிறப்பைக் கூறும் சூத்திரத்தை எழுத்துக்கு எழுத்து ஏற்பதானால் 24 அலகே அதற்கு இசைந்தது. பண்டிதரின் வாதம் வெறும் ஊகமன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

7. ஒரு முன்மொழிவு

இரு அணியினரும் கவனிக்காத ஒன்று இக்கணக்கில் தெரிகிறது. 22-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இரண்டு நரம்புகளில் அடங்கியிருக்கிறது. அவை கைக்கிளையும் விளரியும். குரலுக்கு மூன்றாவதும் ஆறாவதும். உரைகள் பகை என்று பெயரிட்டவை. குரல், துத்தம், உழை, இளி, தாரம் ஆகிய ஐந்தின் அலகில் இரு தரப்புக்கும் வழக்கே இல்லை.

இது தற்செயலாக இருக்க முடியாது. ஐந்தாம் நரம்பின் சங்கிலியும் காதின் இயல்பான இனிமையும் ஓரிடத்தில் மோதியே தீரும். மோதும் இடம் மூன்றும் ஆறும். சங்கிலியைக் காப்பாற்றினால் இவ்விரு நரம்பும் குரலோடு உரசும். குரலோடு இசைவைக் காப்பாற்றினால் இவை சங்கிலியிலிருந்து அறுபடும். 22 அலகு முறை இரண்டாவதைத் தேர்ந்தது. மூன்றலகு என்ற குறைவு அதன் அடையாளம். பண்டிதரின் சமவீட்டு முறை முதலாவதற்கு அருகில் நிற்கிறது. அம்முறையில் ஐந்தாம் நரம்பு 700 சென்ட். இயல்பு நிலையிலிருந்து 2 சென்ட் மட்டுமே விலகல். மூன்றாம் நரம்பு 400, விலகல் 14. ஆறாம் நரம்பு 900, விலகல் 16. கிளைக்கும் நட்புக்கும் சேதமில்லை. சுமை முழுவதும் பகையின் மேல் விழுகிறது.

ஆக, பகை என்பது கேட்க இனிமையற்ற ஓசைக்கு இட்ட பெயர் என்பதைவிட, ஒழுங்குக்கும் இனிமைக்கும் நடுவே மிச்சப்படும் கணக்கு வந்து தங்கும் இடத்துக்கு இட்ட பெயர் என்று கொள்வதே பொருந்துகிறது. யாழுக்கு நரம்பு சேர்ப்பவனுக்கு இது நடைமுறை அறிவு. ஐந்தையும் நான்கையும் நம்பி நரம்பு சேர்க்கலாம். மூன்றையும் ஆறையும் நம்பிச் சேர்த்தால் சுற்று முடியாது.

8. மறுப்புகள்

இந்த முன்மொழிவுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம்.

ஒன்று: பகை உறவு குரலுக்கு மட்டும் உரியதன்று, எந்த நரம்பை நின்ற நரம்பாகக் கொண்டாலும் அதன் மூன்றும் ஆறும் பகை. அலகுக் குறைவோ குரலிலிருந்து எண்ணும்போது கைக்கிளையிலும் விளரியிலும் மட்டுமே தெரிகிறது. இம்மறுப்பு நியாயமானது. பகையை வகுத்தவர்கள் இன்னின்ன நரம்பு என்று பெயர் சுட்டாமல் இடம் சுட்டினார்கள். பண்ணுப்பெயர்த்து வேறொரு நரம்பைக் குரலாக்கும்போது குறைவும் இடம் மாறும். ஆனால் அலகுப் பட்டியலும் பகை விதியும் ஒரே காலத்தவை, ஒரே நரம்பு சேர்க்கும் முறையைக் குறிப்பவை என்று கொள்ளத் தேவையில்லை. உரைகாரர்கள் தமக்கு முன் வழங்கிய பல நூல்களின் சூத்திரங்களை ஒன்றாகத் தொகுத்துத் தருகிறார்கள். கூடத்தை விளக்கும் சூத்திரம் சங்கிலி வழி நரம்பு சேர்த்ததையும், அலகுப் பட்டியல் இயல்பு வழித் திருத்தத்தையும் குறிக்கலாம்.

இரண்டு: தம்புராவின் மந்தர ஷட்ஜத்தை மீட்டிவிட்டுக் கவனித்தால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். பாடகர்கள் எல்லோரும் அறிந்தது இது. தந்தியே ஈன்று தரும் சுரத்தைப் பகை என்பது எப்படி? இந்தச் சான்று முன்மொழிவை வலுப்படுத்தவே செய்கிறது. தம்புராவில் கேட்பது 5:4 காந்தாரம். சங்கிலி ஈன்றது 81:64. இயல்பான மூன்றாம் சுரம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது சங்கிலியின் மூன்றாம் சுரம் அதன்மேல் உரசும். பகை எனத் தோன்றுவதற்கு அதுவே போதும்.

மூன்று: கைக்கிளையும் விளரியும் இல்லாமல் முல்லைப் பண் ஏது? கிளை நரம்பு ஐந்தையும் வரிசைப்படுத்தினால் கிடைப்பது இன்றைய மோகனம். பகை விலக்க வேண்டியதானால் இவ்வளவு இனிய பண் எழுந்திராது. உண்மை. பகையை விலக்குமாறு நாம் கண்ட உரைப்பகுதிகள் விதிக்கவில்லை என்பதே இதற்கு விடை. உறவுகளை வகைப்படுத்தியிருக்கிறார்களே தவிர நரம்பை ஒதுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இசையில் பகை நரம்பு பண்ணுக்கு உயிர் தரலாம்.

9. பகையின் எல்லை மாறுவது

பிற இசை மரபுகளின் வரலாறும் இதை ஒட்டியே செல்கிறது. பழைய கிரேக்கர்கள் எட்டாவது, ஐந்தாவது, நான்காவது இடைவெளிகளை மட்டும் இசைவு என்றனர். மூன்றாவதையும் ஆறாவதையும் இசையாதவற்றோடு சேர்த்தனர். ஐந்தாவதின் வழியே சுரம் சேர்த்த அவர்களும் தமிழ் உரைகாரர்களும் தனித்தனியே ஒரே பட்டியலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பல குரல் ஒன்றாகப் பாடும் முறை வளர்ந்தபோது மூன்றாவது இனிமை என்று ஏற்கப்பட்டது. 1558-இல் இத்தாலியின் சர்லினோ 5:4 விகிதத்தைக் கொண்டு அதற்கு இலக்கணம் வகுத்தார். எண் மாறியது, பகை நட்பாயிற்று. காதின் தீர்ப்பும் எங்கும் ஒன்றாக இல்லை. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. மேற்கத்தியர் இனிமை என்றும் கடுமை என்றும் பிரிக்கும் சுரச்சேர்க்கைகளை அவர்கள் ஒரே அளவில் விரும்பினர் என்று அது காட்டியது.

தமிழகத்துக்குள்ளும் எல்லை நகர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களில் 40 மேளங்கள் விவாதி சுரம் கொண்டவை. அவற்றைப் பாடினால் தோஷம் என்ற அச்சம் வித்துவான்களிடம் நெடுநாள் இருந்தது. கோடீசுவர ஐயர் 'கந்த கானாமுத'த்தில் 72 மேளத்திலும் தமிழில் கீர்த்தனம் செய்து அந்த அச்சத்தைத் தளர்த்தினார். அங்கே அஞ்சப்பட்டது ஒட்டி நிற்கும் இரு சுரங்களின் நெருக்கம். மூன்றாம் நரம்பைப் பற்றி அப்போது யாரும் அஞ்சவில்லை. சங்கராபரணமும் கலியாணியும் அந்தர காந்தாரத்தில்தான் கொலுவிருக்கின்றன. யாழ் மறைந்து, தம்புராவின் ஆதார சுருதி வந்தபின் பகையின் முகவரி மாறிவிட்டது. பழைய பெயரைப் புதிய அச்சத்துக்குச் சூட்டியதன் விளைவே பகை என்பதும் விவாதி என்பதும் ஒன்று என்ற சமன்பாடு.

10. முடிவு

மூன்று முடிவுகளை உறுதியாகச் சொல்லலாம். பகை, செம்பகை, விவாதி மூன்றும் வெவ்வேறு: முதலாவது உறவு, இரண்டாவது குற்றம், மூன்றாவது ஒட்டி நிற்கும் சுரங்களின் நெருக்கம். கிளையும் பகையும் ஒரே நரம்பில் கூடுவது உரையின் பிழையன்று. பிறப்பையும் கூட்டொலியையும் தனித்தனியே நோக்கியதன் விளைவு. 22, 24 என்னும் வழக்கு ஸ்தாயி முழுவதையும் பற்றியதாகத் தோன்றினாலும் அதன் உண்மையான நிலம் கைக்கிளையும் விளரியும் மட்டுமே.

பண்டிதரை மதிப்பிடும்போது தமிழ்ப் பற்றால் எழுந்த கணக்கு என்று ஒரு சாராரும், மறைந்த உண்மையை மீட்டவர் என்று மறு சாராரும் பேசுவது வழக்கம். மேலே கண்ட கணக்கு இரண்டுக்கும் இடம் தரவில்லை. சங்கிலி எங்கே அறுபடுகிறது என்பதை அவர் சரியாகக் கண்டார். விளரி, கைக்கிளை என்று பெயரும் சொன்னார். அந்த முறிவை மரபு ஏற்கெனவே பகை என்று பதிந்திருக்கிறது என்பதை அவர் தம் கணக்கோடு இணைத்திருந்தால், 22 அலகைப் பிற்காலத்தவரின் பிழையென்று தள்ள வேண்டியிருந்திருக்காது. சங்கிலியையும் இனிமையையும் ஒருங்கே காக்க முடியாது என்று அறிந்தவர்கள், இரண்டு வழியிலும் நரம்பு சேர்த்துப் பார்த்ததன் சான்றுகளாக அந்த இரண்டு தொகைகளையும் அவர் படித்திருக்க முடியும். இனி இவ்வழக்கை எடுத்துப் பேசுவோர் தொகையிலிருந்து தொடங்காமல் மூன்றாம் நரம்பிலிருந்து தொடங்குவது பயன்தரும்.